ஸ்கேனில் தெரியாத காயம்



சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் தஞ்சைப் பகுதியில் சாலையே களமாகிவிடும். ஒருபுறம் நெல் காயும்; மறுபுறம் வைக்கோல் பரந்து கிடக்கும். 2023 பிப்ரவரியில் ஒரு மாலை, பாபநாசம் அருகே ஒரு கிராமச் சாலையில், அப்படிப்பட்ட வைக்கோல் மீது என் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. தலைக்கவசம் அணிந்திருந்ததால், அல்லாஹ்வின் கிருபையால், உயிர் தப்பினேன்.

விழுந்த பின் சில நிமிடங்கள் நடந்தவை எனக்கு இன்றுவரை நினைவில்லை. மருத்துவமனையில் ஸி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பு முறிவும் இல்லை, இரத்தக் கசிவும் இல்லை என்றார்கள். வீட்டார் அனைவரும் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். மூன்றாம் நாளே நான் மதரஸாவுக்குச் சென்றுவிட்டேன்.

துன்பம் அதன் பிறகே தொடங்கிற்று. பிள்ளைகள் சேர்ந்து ஓதும் ஓசை எனக்குப் பல ஆண்டுகளாகப் பழகியது, இனிமையானது. அதுவே இப்போது மண்டைக்குள் இடித்தது. குழல்விளக்கின் ஒளி கண்ணைக் குத்திற்று. ஸஜ்தாவுக்குக் குனிந்தால் தரை சுழன்றது. இரவெல்லாம் விழித்துக் கிடப்பேன். பகலெல்லாம் கண் சொக்கும்.

ஒரு நாள் சூரா அந்நபாவை ஓதிக்கொடுக்கையில் நடுவே நின்றுவிட்டேன். அடுத்த ஆயத்து வரவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தான். நன்றி சொல்ல வேண்டிய நான் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை. ஓதிக்கொடுப்பதே என் பிழைப்பு. அதுவும் போய்விட்டதோ என்று அன்றிரவு அஞ்சினேன்.

"ஸ்கேன்தான் நன்றாக இருக்கிறதே, ஹஜ்ரத்துக்கு மனம்தான் சரியில்லை" என்றனர் சிலர். கண்ணேறு என்றவர்களும் உண்டு. என் மனைவி மட்டும், "நீங்கள் பொய் சொல்பவரல்லர். வாருங்கள், வேறு மருத்துவரைப் பார்ப்போம்" என்று தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். எனக்குக் கிடைத்த முதல் மருந்து அந்தச் சொல்தான்.

நரம்பியல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எனக்கு ஏற்பட்டது மூளை அதிர்வு. கன்கஷன் என்று மருத்துவர்கள் கூறுவது இதைத்தான். ஸ்கேன் முறிவையும் கசிவையும் காட்டும். மூளையின் வேலையில் நேர்ந்த தடுமாற்றத்தைக் காட்டாது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவர். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். தூக்கம் கெடுவதும், எளிதில் சினம் வருவதும் இதன் அடையாளங்களே.

என் மகன் கிரிக்கெட்டில் ஆர்வமுள்ளவன். "அத்தா, 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டபோது, அவருக்குப் பதில் சாஹலைப் பந்துவீச அனுப்பினார்களே! நீங்கள் மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டீர்கள்" என்றான். நம் சேலத்து நடராஜன் முதன்முதலாக இருபது ஓவர் சர்வதேசப் போட்டியில் ஆடியதும் அன்றுதான். ஆடுகளத்தில் காட்டும் கவனத்தை நாம் நம் வீட்டில் காட்டுவதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

நான் செய்த பிழைகள் இன்னும் இருந்தன. வலி மிகுந்ததும் இருட்டறையில் நாட்கணக்கில் படுத்துக் கிடந்தேன். ஓய்வு முதல் ஓரிரு நாட்களுக்குத்தான். பிறகு வலியை அதிகம் தூண்டாத அளவில் மெல்ல நடமாட வேண்டும் என்றார் மருத்துவர். விளையாட்டு வீரர்களின் மூளை அதிர்வு குறித்து 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்களின் முடிவும் இதுவே. அடுத்து, தலைவலி மாத்திரையை அன்றாடம் விழுங்கி வந்தேன். வாரக்கணக்கில் அவ்வாறு விழுங்கினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்று எச்சரித்தார். தலைச்சுற்றலுக்குக் காரணம் உட்காதில் இடம் பெயர்ந்த நுண்துகள்கள். தலையை முறைப்படி சில கோணங்களில் திருப்பி அவர் அதைச் சரிசெய்தார். அது தீரும்வரை நாற்காலியில் அமர்ந்து தொழுதேன். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைதானே!

தூக்கத்திற்கு அவர் மாத்திரை தரவில்லை, ஒழுங்கைத் தந்தார். எப்போது உறங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். பகலில் நெடுநேரம் உறங்கக் கூடாது. படுத்தும் தூக்கம் வராவிட்டால், புரண்டுகொண்டிராமல் எழுந்து அமர்ந்து, கண் சொக்கும்போது மீண்டும் படுக்க வேண்டும். மாலைக்குப் பின் தேநீரும் கைப்பேசியும் கூடா. ஸுப்ஹு தொழுததும் மறுபடி படுத்து ஒன்பது மணிவரை உறங்கி வந்த நான், அதை விட்டுவிட்டுக் குடமுருட்டிக் கரையில் காலை வெளிச்சத்தில் நடக்கலானேன்.

மார்ச் இறுதியில் ரமலான் வந்தது. மருத்துவர் சொற்படி அந்த நோன்புகளைப் பிற்படுத்தி, பின்னர் களாச் செய்தேன். அந்த மாதம் என் கண்ணீர் தலையணையை நனைத்ததை மறைக்க விரும்பவில்லை. முதல் வாரம் பத்து நிமிட நடைக்கே தலை கனத்தது. அவ்வாண்டு ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, வறண்டு கிடந்த எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்தபோது, ஒரு மணி நேரம் நடக்கும் நிலைக்கு வந்திருந்தேன். மதரஸாவிலும் முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று கூட்டி, ஆகஸ்டில்தான் முழு நேரப் பணிக்குத் திரும்பினேன்.

திரும்பிய அன்று அந்தச் சிறுவனை அழைத்து, "அன்று தவறு உன்னுடையதன்று தம்பி, என்னுடையது" என்றேன். பிறகு சூரா அந்நபாவைப் பிள்ளைகளுடன் முழுமையாக ஓதினேன். தூக்கத்தை இறைவன் நமக்கு இளைப்பாறுதலாக ஆக்கியதைக் கூறும் சூரா அது. பலமுறை ஓதியிருக்கிறேன், அதன் அருமையை அன்றுதான் உணர்ந்தேன்.

வாசகர்களே! தலையில் அடிபட்டவருக்கு மீண்டும் மீண்டும் வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது கண்டாலும் ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இவை இல்லாமல், "எனக்கு முடியவில்லை" என்று மட்டும் அவர் சொன்னால், தயவுசெய்து நம்புங்கள். வீட்டார் நம்பியதால் நான் மீண்டேன். நம்பாத வீட்டில் இருப்பவரின் நிலையை எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறது.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண சுகத்தையும், நிம்மதியான தூக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.