ஒரு சேகரத்தின் வாரக் குறிப்பு

ஞாயிறு

சபை ஊழியம் குருவானவரோடு முடிவதில்லை. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சேகரம் ஒன்றில் ஞாயிறு ஆராதனை நடக்க வேண்டுமானால் கோயிலைப் பெருக்கிப் பாய் விரிக்க ஆள் வேண்டும். ஒலிபெருக்கியைச் சரிபார்க்க, பாட்டு எண்களைப் பலகையில் மாட்ட, வேதபாடம் வாசிக்க, காணிக்கைப் பை எடுக்க, பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்த என்று இன்னும் பலர் வேண்டும். பல சபைகளில் இத்தனையும் நாலைந்து பேர் தலையிலேயே விழுகிறது. ஆராதனை நேரத்திலேயே ஓய்வுநாள் பள்ளி நடக்கும் இடங்களில் அதன் ஆசிரியர் மாதக்கணக்கில் ஒரு பிரசங்கத்தைக்கூட முழுதாகக் கேட்பதில்லை. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் தாம் கேட்டு வளர வழியில்லாமல் போவது சபைக்கே நஷ்டம்.

செவ்வாய்

வீட்டு ஜெபக்கூட்ட நாள். எல்லா வேலையும் சிலர் தலையிலேயே விழும் சிக்கலுக்கு வேதத்திலேயே பழைய தீர்வு உண்டு. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலை வரை மோசே ஒருவரே ஜனங்களை நியாயம் விசாரிப்பதை மாமனார் எத்திரோ பார்க்கிறார். இப்படியே போனால் மோசேயும் ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்று சொல்லி, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தச் சொல்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்திலும் அதே வழிதான். விதவைகளுக்கான அன்றாட விசாரிப்பில் குறை எழுந்ததும், பந்தி விசாரணைக்கு ஏழு பேர் தெரிந்துகொள்ளப்படுகிறார்கள். அப்போஸ்தலர்கள் ஜெபத்திலும் வசன ஊழியத்திலும் நிற்கிறார்கள். பொறுப்பைப் பகிர்வதை ஊழியத்தில் ஒரு குறைவாக இவ்விரு அதிகாரங்களும் எண்ணவில்லை.

வெள்ளி

பெண்கள் கூடுகை. உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசிக் காணிக்கை தமிழ்ச் சபைகள் பலவற்றில் உண்டு. மிசோரம் சபைகளில் அது 1910 முதல் வேரூன்றியது. எந்த வீட்டுப் பானையும் இதனால் குறைவதில்லை. ஏழை வீட்டுக்கும் இதில் பங்குண்டு. அளவான பங்களிப்புக்கு இதைவிட நல்ல முறை அரிது.

சிறு காணிக்கைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் காட்டியது. உள்நாட்டுப் பணத்தில் உள்நாட்டு ஊழியரை அனுப்புவதே அதன் நோக்கம். தெலுங்கு நாட்டு தோர்னக்கல் அதன் முதல் பணித்தளம். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வே. ச. அசரியா அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வேலை பார்த்துவந்தார். 1912இல் அதே தோர்னக்கலின் பேராயராகி, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

சனி

அசனப் பண்டிகைக்கான கூட்டம். விறகு ஒருவர் பொறுப்பு, அரிசி இன்னொருவர் பொறுப்பு. ஆண்கள் அண்டாவில் சமைக்க, வாலிபர்கள் பந்தி பரிமாற, பெண்கள் காய் நறுக்குகிறார்கள். ஊரே கைகொடுக்கும் அந்த நாளில் யாரும் களைத்து ஒதுங்குவதில்லை. ஆண்டு முழுவதும் அப்படி நடக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பழக்கமே. முன்பு செய்தவரையே மறுபடி கேட்பது கமிட்டிக்கு எளிது. புதியவர் தயங்கி நிற்பார், கேட்டால் வருவார்.

ஊழியம் வீட்டை விழுங்கவும் கூடாது. பிள்ளையின் பரீட்சை வாரத்திலும் பாடகர் குழு ஒத்திகை, கமிட்டி, சந்திப்பு என்று ஓடும் தாய்தகப்பனைச் சபையே வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். லூக்கா 10இல் பற்பல வேலைகளால் வருத்தமடைந்த மார்த்தாளை இயேசு கனிவோடு திருத்துகிறார். அவள் உபசாரத்தை அவர் தள்ளவில்லை. அவள் சகோதரி மரியாளைப் போல் உட்கார்ந்து கேட்க நேரமில்லாத ஊழியம் நாளடைவில் கசந்துபோகும்.

மூன்று பொறுப்புகளைச் சுமப்பவர் ஒன்றை இன்னொருவருக்குப் பழக்கிக் கொடுக்கட்டும். ஆராதனைக்கு வந்து போவதோடு நிற்பவர், நாளைக் காலையே குருவானவரிடம் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.