கயிலைக்கு ஒரு கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து அன்பர்களுக்கு மலை புதிதன்று. திண்டிவனத்தை விட்டுத் தெற்கே நகர்ந்தால் மயிலம் குன்றில் முருகப்பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். மேற்கே சென்றால் செஞ்சியின் பாறை மலைகள் வரவேற்கும். அதே சாலை நம்மைத் திருவண்ணாமலைக்கு இட்டுச் செல்லும். ஆயினும் பனிமலை இவ்வூர்களுக்குப் புதிது. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத சமவெளியில், வெயிலிலேயே வாழ்ந்து பழகிய உடல்கள் இவை.

இருந்தும், கயிலை வேட்கை இந்த மண்ணுக்கு மிகப் பழமையானது. விழுப்புரத்திலிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் இரயில் பாதையில் பண்ருட்டி இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள திருவாமூரில்தான் திருநாவுக்கரசர் பெருமான் அவதரித்தார். முதுமையில் அவர் கயிலைக்குப் புறப்பட்டதைச் சேக்கிழார் பெருமான் உள்ளம் உருக விவரித்திருக்கிறார். காசியைக் கடந்து நடந்தார், பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தவழ்ந்தார், அவையும் தேய்ந்தன. மார்பால் உந்தினார், உருண்டார். ஒன்றும் இயலாத நிலையில் இறைவன் முனிவர் வடிவில் எதிர்வந்து, திரும்பிச் செல்லுமாறு பணித்தான். பொய்கை ஒன்றில் மூழ்கிய அடியார் திருவையாற்றில் எழுந்து, கயிலைக் காட்சியை அங்கேயே கண்டார்.

இன்று இப்பகுதியிலிருந்து கயிலைக்குப் புறப்பட விரும்பும் மூத்தோர் இந்த வரலாற்றை ஒரு கணக்குப் பாடமாகவும் கொள்ளலாம். மலை யாத்திரைக்கு ஏறும் செலவை எல்லோரும் எழுதுகிறார்கள். பாதியில் திரும்பும் செலவை எழுதுவோர் மிகச் சிலரே.

2020 முதல் நின்றிருந்த கயிலை மானசரோவர் யாத்திரையை இந்திய வெளியுறவு அமைச்சகம் 2025ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியது. உத்தரகண்டின் லிபுலேக் கணவாய் வழியாக 50 பேர் கொண்ட 5 குழுக்களும், சிக்கிமின் நாதுலா கணவாய் வழியாக 50 பேர் கொண்ட 10 குழுக்களும் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு லிபுலேக் வழிக்கு ஒருவருக்குச் சுமார் 1.74 இலட்சம் ரூபாயும், நாதுலா வழிக்குச் சுமார் 2.83 இலட்சம் ரூபாயும் மதிப்பிடப்பட்டன. ஏறக்குறைய மூன்று வாரப் பயணம். வயது 18க்குக் குறையாமலும் 70க்கு மிகாமலும் இருக்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். விண்ணப்பித்தவர்களில் யார் செல்வது என்பதைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்கிறது.

திண்டிவனத்தில் ஓய்வூதியத்தில் வாழும் தம்பதியர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவருக்கு 66 வயது, மனைவிக்கு 62. இருவருக்கும் லிபுலேக் வழிச் செலவு மட்டும் 3,48,000 ரூபாய். மாதம் 10,000 ரூபாயைத் தொடர் வைப்பாக 36 மாதங்கள் செலுத்தினால் அசல் 3,60,000 ரூபாய் சேரும். அப்போது கணவருக்கு 69 வயதாகியிருக்கும். முதல் குலுக்கலில் பெயர் வராவிட்டால் காத்திருக்க அதிக காலம் இல்லை. எனவே சேமிப்பைத் தள்ளிப்போடுவது யாத்திரையையே தள்ளிப்போடுவதாகும்.

மேற்சொன்ன தொகையோடு கணக்கு முடிவதில்லை. விழுப்புரத்திலிருந்து தில்லி சென்று வரும் இரயில் கட்டணம், தில்லியில் தங்கும் செலவு, கடவுச்சீட்டு, முன்கூட்டிய உடற்பரிசோதனைகள், கம்பளி உடை, மழைக்கோட்டு, நல்ல நடைக்காலணி ஆகியவை தனி. குதிரைக்கும் சுமை தூக்குபவருக்கும் தரும் கூலியையும் கவனத்தில் கொள்ள வேண்டும். எல்லைக்கு அப்பால் செலுத்த வேண்டிய கட்டணம் அமெரிக்க டாலரில் என்பதால், ரூபாயின் மதிப்பு மாறும்போது அதுவும் மாறும். இவற்றையெல்லாம் எழுதிக் கூட்டியபின், கூட்டுத் தொகையில் கால் பங்கைக் கூடுதலாக ஒதுக்குவது நலம்.

மானியம் பற்றி ஒரு சொல். மானசரோவர் சென்று வருவோருக்கு 50,000 ரூபாயும், நேபாளத்து முக்திநாத் சென்று வருவோருக்கு 20,000 ரூபாயும் தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை வழி அறிவிக்கப்பட்டுள்ளன. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, யாத்திரையை முடித்துத் திரும்பியவர்களுக்கே இது கிடைக்கும். ஆகவே இதனை வரவாக எழுதலாம். புறப்படும் முதலாக எழுதலாகாது. மானியத்தை நம்பிக் கடன் வாங்கியவர், பாதியில் திரும்ப நேர்ந்தால் கடனோடு நிற்பார்.

பாதியில் திரும்புவது அரிதான செய்தியன்று. தில்லியில் ஒரு முறையும், மலையில் உயரம் ஏறிய பின் மறுமுறையும் மருத்துவச் சோதனை உண்டு. தேறாதவர் மேலே செல்ல இயலாது. உறுதிக் கட்டணமாகச் செலுத்திய தொகையும் திரும்பாது. தம்பதியரில் ஒருவர் தேறி மற்றவர் தேறாவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே, மக்களையும் வைத்துக்கொண்டு, பேசி முடிக்க வேண்டும். மலையடிவாரத்தில் அந்தப் பேச்சு தொடங்கக் கூடாது.

யாத்திரிகர் கையெழுத்திடும் படிவங்களில் ஒன்று எவரையும் ஒரு கணம் நிறுத்தும். எல்லைக்கு அப்பால் உயிர் பிரிந்தால் அங்கேயே தகனம் செய்ய ஒப்புதல் அளிக்கும் படிவம் அது. கயிலையில் உயிர் பிரிவது பேறு என்று கருதும் அடியார்கள் உண்டு. எனினும் வீட்டில் இருப்பவர்க்கும் ஒரு கடமை இருக்கிறது. வங்கிக் கணக்கு, வைப்புகள், காப்பீடு ஆகியவற்றில் வாரிசு நியமனம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பெட்டியைக் கட்ட வேண்டும். மருத்துவக் காப்பீடு வெளிநாட்டிலும் அதிக உயரத்திலும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவதும் அவசியம். அவசர மருத்துவத்துக்கென வைத்த வைப்பை மட்டும் எந்த யாத்திரைக்காகவும் உடைக்கலாகாது.

உடலுக்கும் இவ்வாறே ஒரு தொடர் வைப்பு வேண்டும். அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதல் சில மாதங்கள் மயிலம் படிகளில் ஏறி இறங்கலாம். பின்னர் பௌர்ணமிதோறும் அண்ணாமலையாரின் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை நிறைவு செய்யலாம். விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இரயிலும், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழிப் பேருந்தும் அங்கே கொண்டு சேர்க்கும். செலவு சில நூறு ரூபாய்தான். போளூர்ப் பக்கம், கடலாடி, தென்மாதிமங்கலம் ஊர்களை ஒட்டி நிற்கும் பருவதமலை இதற்கு அடுத்த படி. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் அருள்கிறார்கள். சுமார் 4,500 அடி உயரத்தில், சங்கிலியையும் இரும்புக் கடப்பாரைகளையும் பற்றி ஏறும் செங்குத்துப் பகுதியும் உண்டு. மூட்டு வலியும் இதய நோயும் உள்ளவர்கள் அடிவாரத்திலேயே வணங்கித் திரும்பலாம்.

இம்மலைகள் காலைச் சோதிக்கும். மூச்சைச் சோதிக்க மாட்டா. மானசரோவர் ஏரியே சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 52 கிலோமீட்டர் கயிலை வலத்தில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் சுமார் 5,630 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். கிரிவலத்தை எளிதில் முடித்தவரும் இதய மருத்துவரைக் கண்டு, அவர் சொல்லும் சோதனைகளைச் செய்துகொண்ட பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

மருத்துவர் வேண்டாம் என்றால்? சேர்த்த பணம் வீணாகாது. வாழ்நாளுக்குத் துணையாக நிற்கும். யாத்திரையும் வீணாகாது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில், சில கிலோமீட்டர் தொலைவிலேயே திருவாமாத்தூர் இருக்கிறது. மூவரும் பாடிய அத்தலத்தில் அபிராமேசுவரர் எழுந்தருளியிருக்கிறார். உடல் இடங்கொடுத்தால் காவிரிக் கரை வரை சென்று, அப்பர் பெருமான் கயிலைக் காட்சி கண்ட திருவையாற்றிலும் வழிபட்டு வரலாம். ஆடி அமாவாசையன்று அங்கே கயிலைக் காட்சி விழா நடைபெறுகிறது.

நாவுக்கரசரை ஆண்டவன் திருப்பி அனுப்பியது தண்டனையன்று, அருள். புறப்படும் அன்பர்கள் நிறைவாகச் சென்று நலமாகத் திரும்பவும், புறப்பட இயலாதவர்க்கு இருந்த இடத்திலேயே தரிசனம் கிட்டவும் கயிலைநாதன் அருள்புரிவானாக.