எந்த அப் நல்லது என்று கேட்ட பெற்றோருக்கு



போன மாதம் ஒரு தாய் தன் மகளின் வருத்தத்தைப் பற்றி வகுப்பாசிரியருக்குக் குரல் பதிவு அனுப்பினார். கை தவறி அது பெற்றோர் வட்ஸ்அப் குழுமத்துக்குப் போய்விட்டது. பத்து நிமிடத்தில் அழித்துவிட்டார். ஆனால் பின்னேரம் சந்தையடியில் நின்றவர்களுக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

அதன் பிறகு பலரும் கேட்டது ஒன்றுதான்: “டீச்சர், வட்ஸ்அப்பை விட்டிட்டு எதுக்குப் போறது?” ஆசிரியர்கள் நாலு பேர் இருந்து யோசித்தோம்.

வட்ஸ்அப்பில் 2016 முதல் செய்திகள் பூட்டப்பட்டே போகின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நிறுவனம்கூட வாசிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விபரம் நிறுவனத்துக்குத் தெரியும். பக்கப்பையும் பூட்டும் வசதி 2021இல் வந்தது. அதை நாங்களே போய் இயக்க வேண்டும். சிக்னல் இலாப நோக்கமில்லாதது, எங்களைப் பற்றி மிகக் குறைவாகவே சேமிக்கிறது. டெலிகிராம்தான் பாதுகாப்பு என்று சிலர் சொன்னார்கள். அதில் குழுமங்களுக்கு அந்தப் பூட்டு இல்லை. இருவர் பேசும் ‘இரகசிய உரையாடலுக்கு’ மட்டும்தான் உண்டு.

சிக்னலில் ஒரு குழுமம் தொடங்கினோம். பாதிப்பேர்கூட வரவில்லை. குறை அவர்களில் இல்லை. சமூக ஊடகப் பக்கேஜ் மட்டும் போடுகிற வீட்டில் வட்ஸ்அப் ஓடும், சிக்னலுக்கு வேறாக டேட்டா வேண்டும். அம்மம்மாவின் போனில்தான் வீட்டுப்பாடம் பார்க்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் குரல் பதிவில் எந்தப் பூட்டும் உடையவில்லை. குழுமத்தில் இருந்த எங்களில் ஒருவர்தான் வெளியே அனுப்பினார். பூட்டு வழியைக் காக்கும். வந்து சேர்ந்த இடத்தை நாங்கள்தான் காக்க வேண்டும்.

ஒரு சொல் கைமாறினால் என்ன நடக்கும் என்பது முஸ்லிம்களான எங்களுக்குப் புதிதல்ல. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒருவர் முகநூலில் எழுதிய ஒரு வரி பிழையாக விளங்கப்பட்டு, கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

ஆகவே நாங்கள் செய்திருப்பது இது. பொது அறிவித்தல் வட்ஸ்அப் குழுமத்திலேயே வரும், அட்மின் மட்டுமே பதிவிடலாம். வருத்தம், காசு, வீட்டுப் பிரச்சினை எதுவும் குழுமத்தில் வேண்டாம். வகுப்பாசிரியரோடு சிக்னலில் பேசுங்கள், செய்தி தானாக அழியும் நேரத்தையும் வைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாதவர்கள் நேரில் வாருங்கள். அதைவிடப் பாதுகாப்பான அப் இல்லை. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் வட்ஸ்அப், வைபர் எல்லாம் நாடு முழுவதும் முடக்கப்பட்டதை மறக்கவில்லை. அதனால் அவசரத்துக்குச் சாதாரண அழைப்பு எடுக்கக்கூடிய ஓர் இலக்கத்தை வகுப்பு இடாப்பில் எழுதித் தாருங்கள்.

எங்கள் பக்கத்தில் அமானிதம் என்று சொல்வோம். ஒருவர் நம்பித் தந்ததைக் கெடாமல் காப்பது. பிறர் வீட்டுக் கதையும் அமானிதம்தான், கை தவறி வந்திருந்தாலும்.

அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். அந்தப் பதிவு இன்னும் உங்கள் போனில் இருந்தால் இண்டைக்கே அழித்துவிடுங்கள். அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.