1815க்குப் பிந்திய மண்

எங்கள் மாவட்டத்தில் 'தொல்பொருள்' என்ற சொல் காதில் விழுந்தால், மனிதர்கள் முதலில் தேடுவது காணி உறுதியைத்தான். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமை தாங்கிய அதன் முதல் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அதன் பிறகு அந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது. இப்படியான இடத்தில் வரலாறு படிப்பிக்கும் ஒருவன், பிள்ளைகளுக்குத் தொல்லியலில் ஆசை வரும்படி பேசுவது இலேசான காரியமல்ல.

ஆகவே நான் வேறொரு தொல்லியலைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். விகாரையோ கோயிலோ பள்ளிவாசலோ சம்பந்தப்படாத, எந்தச் சமூகமும் உரிமை கோராத, வெறும் கொன்கிரீட்டினதும் துருப்பிடித்த இரும்பினதும் தொல்லியல்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும், அதுவரை பின்தளமாக இருந்த திருகோணமலைத் துறைமுகம் போர்முனைக்கு மிக அருகில் வந்துவிட்டது. அதே வருடம் ஏப்ரல் 9ஆந் திகதி காலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதங்களில் ஒன்று பல நாட்கள் எரிந்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். குண்டு விழுந்த கதைகள் நிலைத்துவிடுகின்றன. பயிற்சியின் கதைகள் அப்படி நிலைப்பதில்லை. ஓடுவது, நீந்துவது, கரையேறுவது, கயிறு பிடிப்பது, மீண்டும் ஓடுவது என்பவற்றை யார் பாட்டாகப் பாடப் போகிறார்கள்?

ஆனால் யுத்தத்தின் கடைசி இரண்டு வருடங்களில் இங்கே அதிகம் நடந்தது பயிற்சிதான். சீனக்குடா ஓடுபாதை பிரித்தானியக் கடற்படையின் கைக்கு வந்து 'எச்.எம்.எஸ். பம்பாரா' என்று பெயர் பெற்றது. தரையில் நிற்கும் தளத்துக்குக் கப்பலின் பெயர் வைப்பது அவர்களுடைய வழக்கம். விமானந்தாங்கிக் கப்பல்களின் படையணிகள் இங்கே இறங்கிப் பயிற்சி எடுத்தன. கண்டியைத் தலைமையகமாகக் கொண்ட அமெரிக்க ஓ.எஸ்.எஸ். அமைப்பின் 404ஆவது பிரிவு, திருகோணமலைக் கரையில் ஒரு முகாம் வைத்திருந்தது. எதிரி பிடித்த கரைகளில் இரகசியமாக இறங்க வேண்டியவர்களை அது பழக்கியது. அவர்களில் தாய்லாந்து இளைஞர்களும் இருந்தார்கள். மனிதர் ஏறி ஓட்டும் டோப்பிடோக்களோடு இங்கிருந்து புறப்பட்ட 'ட்ரென்ச்சன்ட்' நீர்மூழ்கி, 1944 ஒக்டோபரில் புக்கெற் துறைமுகம்வரை போய்ப் பகைவரின் கப்பல்களைத் தாக்கிற்று.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். பத்து வருடங்களுக்குப் பிறகு, 1967இல், கடற்படைக் கலாபீடம் திருகோணமலையில் உருவானது. சீனக்குடாவில் விமானப்படைக் கலாபீடம் இருக்கிறது. கொடி மாறியதே தவிர, அந்தத் தரையின் தொழில் மாறவில்லை. அதனால்தான் இந்த முகாம்களின் அடித்தளங்கள் பலவும் எங்களைப் போன்றவர்கள் கால்வைக்க முடியாத வேலிக்குள் இருக்கின்றன.

சட்டமும் இவற்றை இலகுவில் கண்டுகொள்வதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஐ ஒரு கோடாகக் கீறி வைத்திருக்கிறது. அது கண்டி உடன்படிக்கை எழுதப்பட்ட நாள். அதற்கு முந்தியவற்றைத்தான் சட்டம் தானாகவே காக்கும். 1943இல் ஊற்றிய சீமெந்துத் தளத்தை ஒருவன் உடைத்து ஜல்லியாக விற்றாலும் தொல்பொருள் என்று யாரும் கேட்க வரமாட்டார்கள். இதே காலத்துப் பாதுகாப்பு அரண்களையும் முகாம்களையும் பிரித்தானியாவில் 1995 முதல் 2002 வரை தொண்டர்கள் ஊர் ஊராக நடந்து பதிந்தார்கள். ஏறத்தாழ 20,000 இடங்கள். ஓய்வு பெற்றவர்களும் மாணவர்களும் அளவு நாடாவோடு போய்ச் செய்த வேலை அது. கட்டியவன் தன் ஊரில் எண்ணிவிட்டான். இங்கே கட்டியதை யார் எண்ணுவது?

வேலிக்கு உள்ளே போக முடியாவிட்டால் வெளியே வந்ததை எண்ணலாமே என்று எனக்குத் தோன்றியது. முகாம் கலைந்தபோது அதன் பாதி எங்கள் கிராமங்களுக்குத்தான் வந்தது. உம்மாவின் வாப்பா, நாங்கள் மூத்தப்பா என்று அழைத்தவர், இருபது வயதில் கிண்ணியாத் துறையைத் தோணியில் கடந்து சீனக்குடாவுக்கு நேவி வேலைக்குப் போனவர். மண் சுமந்திருக்கிறார், கூடாரம் அடித்திருக்கிறார். அவர் வெற்றிலை இடித்த உரல், அடியோடு அறுத்தெடுத்த ஒரு பித்தளைக் குண்டுக் கோது. விதைநெல் போட்டு வைத்த பெட்டிக்கு இருபக்கமும் கயிற்றுப் பிடி. வேலியின் ஒரு மூலையில் வரிசையாகத் துளைபோட்ட இரும்புத் தகடு, ஓடுபாதைக்கு விரிப்பது. கோழிக்கூட்டின் கதவு, இராணுவக் கட்டிலின் கம்பிவலை. ஒரு முகாமின் சமையலறையும் படுக்கையறையும் ஆயுதக் களஞ்சியமும் எங்கள் ஒரு வளவுக்குள் கிடந்தன.

பித்தளை உரல் இப்போது இல்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு சுற்றிவளைப்பு வரும் என்று செய்தி பரவிய இரவில், அதை மூத்தம்மா சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டுபோய்க் களப்பில் போட்டுவிட்டார். வெடிகுண்டின் கோது வீட்டில் இருந்தால், அது 1943ஆம் ஆண்டினது என்று எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? எங்கள் தெருவில் மட்டும் அப்படி நாலைந்து வீடுகள். மிச்சமிருந்த பெட்டிகளையும் தகடுகளையும் 2004 டிசம்பர் 26இன் கடல் கொண்டுபோனது. 2006இல் மூதூர்ச் சனங்கள் கந்தளாய்க்கு ஓடியபோது, உரலையும் பெட்டியையுமா தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, இப்போது எதற்குப் பயன்படுகிறது என நாலு கேள்விகள். எதையும் தோண்டக் கூடாது, காட்டில் கிடக்கும் இரும்பைத் தொடவே கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். எங்கள் மண்ணில் 1942க்குப் பிந்திய யுத்தத்தின் மிச்சமும் கலந்து கிடக்கிறது. எது எந்த யுத்தத்தினது என்று வெடிக்கும்வரை தெரியாது.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்:

"சேர், இதத் தொல்பொருள் என்டு எழுதிக் குடுத்தா எங்கட வளவ எடுத்திருவாங்களா?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எடுக்க மாட்டார்கள், இது சட்டத்தின் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்று 1815ஐக் கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்தினேன். பாதுகாக்காத சட்டத்தைக் காட்டி ஒரு பிள்ளையின் பயத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. அடுத்த நாள் இன்னொரு பிள்ளையின் மூத்தம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். "மகன், நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க. சாமான எழுதுங்க. எங்கட பேரும் வளவும் மட்டும் அதுல வேணாம்" என்றார். காட்டிய பொருள் ஓர் எனாமல் கோப்பை; அடியில் கிரீட முத்திரை மங்கலாகத் தெரிந்தது. நாற்பத்தைந்து வருடமாக அதில்தான் தேத்தண்ணி குடிக்கிறாராம்.

முப்பத்தெட்டுத் தாள்கள் திரும்பி வந்தன. பதினேழில் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது; நான் அவற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் பொருள் இருக்கிறது. மூன்று கயிற்றுப்பிடிப் பெட்டிகள், ஒரு கட்டில், இரண்டு கோப்பைகள், துளைத் தகடு பதினொன்று. ஒரு தாளில் பொருளே இல்லை. அதற்குப் பதிலாக, தன் அப்பாவின் வாப்பா முகாமில் கற்றுக்கொண்டு வந்ததாக ஒரு பையன் எழுதியிருந்த இங்கிலிஸ் கட்டளைச் சொற்கள், மூன்று தலைமுறை நாக்கில் உருண்டு தேய்ந்த உச்சரிப்பிலேயே. அதையும் பொருள் என்ற நிரலிலேயே சேர்த்தேன்.

வேலிக்கு இப்பால், பற்றைக்குள் ஒரு கொன்கிரீட் தளம் கிடக்கிறது. அதை அளப்பதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். 30 மீற்றர் நாடா ஒன்றைப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிவிட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை. மழைக்காலம் தொடங்கினால் அந்தப் பக்கம் போக முடியாது.