பாரம் குறைத்த வண்டி

மலைநாட்டிலே பிறந்தவர்க்குப் பாரம் என்பது ஏட்டில் படித்தறியும் பொருளன்று. முதுகு அறிந்த பொருள். மோட்டார்ப் பந்தயமும் எமது மலைக்கு நேற்று வந்த விருந்தாளியன்று. நுவரெலியாவை அடுத்த மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பாதையிலே 1934ஆம் ஆண்டிலேயே மலையேற்றப் பந்தயம் தொடங்கிவிட்டது. அந்நாளில் வண்டியோட்டியவர்கள் பெரும்பாலும் துரைமாரும் செல்வரும். தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நம்மவர்கள்.

அவ்வாறு வேடிக்கை பார்த்தவர் ஒருவரின் பேரன், ஹட்டனில் வாழும் எமது உறவினர். சில ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, பாழடைந்து கிடந்த எம்.ஜி. டி.டி. வண்டியொன்றை அவர் வாங்கினார். இங்கிலாந்திலே 1953ஆம் ஆண்டுவரை செய்யப்பட்ட, இருவர் அமரும் வண்டி அது. எஞ்சின் 1,250 கன சென்டிமீற்றர். வலு 54 குதிரைவலு. நிறையோ ஏறத்தாழ 900 கிலோ. அதன் மேனி மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு போர்த்தியது. எமது மூடுபனியும் மழையும் அந்த மரத்தை உளுத்துப் போகச் செய்திருந்தன.

தம்பியின் ஆசை இதுதான். 1951ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்திற்காக, ஜோர்ஜ் பிலிப்ஸ் என்ற ஓட்டுநருக்கு, இதே டி.டி. அடிச்சட்டத்தின்மேல் காற்றை வழுக்கிச் செல்லும் மேனியொன்றை ஸிட் எனெவர் என்ற பொறியியலாளர் வரைந்து கொடுத்தார். எஞ்சின் பழுதுற்றதால் அவ்வண்டி பந்தயத்தை முடிக்கவில்லை. ஆயினும் 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. வண்டிக்கு அவ்வடிவமே வித்தாயிற்று. அதைப் போலவே அலுமினியத் தகட்டில் ஒன்று செய்ய வேண்டும் என்றார் தம்பி.

“பழையதை அழித்துப் போலியொன்று செய்வதா?” என்று வீட்டிலே எதிர்ப்பு எழுந்தது. நாமும் அக்கட்சியில்தான் இருந்தோம். எனவே, கணக்குப் பார்த்தோம். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆறு கிலோமீற்றர் நேர்ச்சாலை கொண்டிருந்த லெ மான்ஸிலே வழுக்கு மேனி பெரும் பயன் தரும். வளைவுக்கு வளைவு திரும்பும் மாகஸ்தோட்டையிலோ அதன் பயன் சிறிது. ஆனால், பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், ஒவ்வொரு நூறு கிலோவும் பத்துக் கிலோ விசையால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். மேலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. எஞ்சினின் வலுவும் அவ்வளவுக்குக் குறையும். ஆகவே, எமது மலைக்கு வேண்டியது அழகிய வளைவன்று, இலேசு.

கராஜிலே தகடு தட்ட வந்தவர், தேயிலை ஸ்டோர்களிலும் தோட்ட லொறிகளிலும் வேலை செய்து முதிர்ந்த ஒரு டிங்கர் பாஸ். மணல்மூட்டையின் மேல் தகட்டை வைத்து, மரக்கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி வளைத்தார். பிலிப்ஸின் வண்டிக்கிருந்த குறை இங்கும் தோன்றியது. அடிச்சட்டம் ஒடுங்கியது, இருக்கை அதன் மேலே அமைவதால் ஓட்டுநரின் தலையும் தோளும் காற்றிலே துருத்திக்கொண்டு நிற்கும். எனெவர் பின்னர் சட்டத்தையே அகலமாகப் புதிதாய் அமைத்து அக்குறையைத் தீர்த்தார். தம்பியோ குறுக்குச் சட்டத்தை அறுத்து இருக்கையைத் தாழ்த்த எண்ணினார்.

“தோலை உரிக்கலாம், தம்பி. எலும்பை அறுக்க நான் கை வைக்க மாட்டேன்” என்று பாஸ் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

தேநீர் கொண்டுவந்த எமது பெரியம்மா, முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர், அப்போது சொன்னார்: “எங்க கொழுந்தை நிறுக்கையிலே ஈரத்துக்குன்னும் கூடைக்குன்னும் கழிச்சாங்க. ஏட்டிலேதான் கழிஞ்சிச்சு, முதுகிலே கழியலை. நீங்களாவது உண்மையான பாரத்தைக் கழியுங்க, ராசா.”

அன்று பேச்சு முடிந்தது. சட்டம் அறுபடவில்லை, தடுப்புக் கருவிகளில் ஓர் ஆணியும் குறையவில்லை. உளுத்த மரமும் அதன் மேலிருந்த தகடும் மட்டுமே கழன்றன. அத்தகடுகளும் எண்ணிட்டு, எண்ணெய் பூசி, பரணிலே வைக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் எவரேனும் விரும்பினால் பழைய உருவை மீட்கலாம்.

மாணவச் செல்வங்களே, முன்னோர் விட்டுச்சென்ற எதனையும் அப்படியே சுமப்பது பக்தியாகாது. அனைத்தையும் வீசியெறிவது முன்னேற்றமும் ஆகாது. தோல் எது, எலும்பு எது என்று தட்டிப் பார்த்தறியும் கையே தேர்ந்த கை. ஏற்றமோ இன்னும் மிகுந்திருக்கிறது. பாதையோரம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுக்கானைப் பிடிக்கிறார்கள். அவர்களின் வண்டி இலேசாக இருக்கட்டும். சட்டம் உறுதியாக இருக்கட்டும்.