கரும்புச் சக்கைக்கு வந்த மரியாதை!

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் இரண்டே பக்கங்கள்தான். இடது பக்கம் பற்று. வலது பக்கம் வரவு. இரண்டும் டேலி ஆகிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆகவில்லையா? 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றைத் திறந்து, வித்தியாசத்தை அதில் தள்ளிவிட்டு, அப்போதும் தூங்கலாம்!

ஆனால் எந்த வாத்தியாரும் சொல்லித்தராத மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கொல்லைப்புறம். ஃபாக்டரியின் முன்வாசல் வழியாகச் சரக்கு போகும். அதற்கு பில் உண்டு. கொல்லை வழியாகச் சாம்பல் போகும், கலர் தண்ணீர் போகும், புகை போகும். இவற்றுக்கு பில் கிடையாது, வவுச்சர் கிடையாது, ஆடிட்டர் கையெழுத்து கிடையாது. போய்ச் சேருகிற இடம் மட்டும் உண்டு.

அந்தப் போய்ச் சேருகிற இடத்துக்காரன் நான். தஞ்சாவூர்.

போன மாதம் காலேஜ் நண்பன் ஒருவன் போன் பண்ணினான். பெரிய கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸில் இருக்கிறான்.

"மாப்ளே, செபிக்கு ஒரு ஃபாரம் ஃபில்லப் பண்ணணும்டா. எவ்வளவு தண்ணி எடுத்தோம், எவ்வளவு விட்டோம், கழிவை என்ன பண்ணினோம்னு பக்கம் பக்கமா கேக்குறான்."

"என்ன பண்ணினீங்க?"

"கேட்டு வாசல்ல நாலு வேப்பங்கன்னு நட்டோம்."

"சரி, அதை எழுது."

"ரெண்டை ஆடு மேஞ்சிடுச்சுடா..."

பங்குச் சந்தையில் இருக்கிற முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் வருஷா வருஷம் இந்தக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். எங்கேயோ ஒரு ஏ.சி. ரூமில் என் நண்பனைப் போல ஒரு ஆள்தான் உட்கார்ந்து அதை எழுதுகிறார். அது நாளைக்கு நீங்களாகவும் இருக்கலாம். அதனால் வேப்பங்கன்றைத் தாண்டி எழுத விஷயம் இருக்கிறதா என்று கொஞ்சம் பார்ப்போம்.

தஞ்சாவூர்க்காரனுக்கு எதற்கு இந்த அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் பெரிய ஆலைகள் குறைவு. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்து 2020-ல் சட்டமே வந்துவிட்டது. புதிதாகத் தோல் பதனிடும் ஆலை, செம்பு உருக்காலை, எண்ணெய்க் கிணறு எதுவும் அங்கே வரக்கூடாது. நல்ல விஷயம்தான். ஆனால் சட்டம் மாவட்ட எல்லையில் நின்றுவிடும், ஆறு நிற்காதே! மேட்டூர், பவானி, ஈரோடு, கொடுமுடி, புகளூர், கரூர் என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு, முக்கொம்பு தாண்டி, கல்லணைக்கு வந்து, அப்புறம்தான் காவிரி எங்கள் வாய்க்காலுக்குள் இறங்குகிறாள். மேலே இருக்கிறவன் கை கழுவினால், கீழே இருக்கிறவன் அதில்தான் நாற்று விடணும்.

முதலில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஊரார் கதை.

நெல் விளைகிற ஊர் என்றால் ரைஸ்மில் இல்லாமலா? நான் பையனாக இருந்தபோது எங்கள் தெருக் கோடியில் ஒரு மில் இருந்தது. பேர் வேண்டாம். நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு அவிப்பார்கள். அந்த ஊறல் தண்ணீரைத் திறந்து விடுகிற அன்றைக்கு, தெருவில் யார் வீட்டிலும் விருந்தாளி தங்க மாட்டார். அப்படி ஒரு வாசனை! அது போதாதென்று புகைபோக்கியிலிருந்து கரிய உமிச் சாம்பல் பறந்து வரும். அம்மா வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால், சாயந்திரம் அது புள்ளி போட்ட வேட்டியாகத் திரும்பும். "டிசைன் இலவசம்" என்பார் அப்பா.

நூறு கிலோ நெல் அரைத்தால் ஏறக்குறைய இருபது கிலோ உமி. மில்லுக்குள் அது வெறும் இடைஞ்சல். ரோட்டோரம் மலையாகக் குவித்து, கொளுத்தி விடுவார்கள். வாரக் கணக்கில் புகையும்.

அப்புறம் காலம் மாறியது. தண்ணீரைச் சுமார் 70 டிகிரிக்குச் சூடாக்கி ஊறவைத்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் வேலை முடியும், நாற்றமும் குறையும் என்ற முறை பரவியது. உமி பாய்லருக்குப் போனது. செங்கல் சூளைக்காரர் வந்து விலை கேட்டார். அவ்வளவுதான், ரோட்டோரக் குவியல் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போய்விட்டது! மில்காரருக்குத் திடீரென்று இயற்கை மேல் பாசம் வந்துவிட்டதா? இல்லை சார். உமிக்கு விலை வந்தது. கொல்லைப்புறத்தில் கிடந்தது வரவுப் பக்கத்துக்கு இடம் மாறியது.

* * *

இதே கதையின் பெரிய சைஸ் பதிப்பு, கரூர் மாவட்டத்தில் புகளூர் பக்கம், காவிரிக் கரையோரம் இருக்கிறது. ஊரின் பேரே காகிதபுரம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் - சுருக்கமாக டி.என்.பி.எல். 1979-ல் தமிழக அரசு ஆரம்பித்து, உலக வங்கிக் கடனும் வாங்கி, 1984-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை. அப்போது திறன் வருஷத்துக்கு 90,000 டன். இன்றைக்கு அந்த ஆலையில் மட்டும் 4 லட்சம் டன்.

இதில் என்ன விசேஷம்? பேப்பர் என்றால் மரம் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் கரும்புச் சக்கையில் செய்தித்தாள் காகிதம் செய்தார்கள். நூறு கிலோ கரும்பைப் பிழிந்தால் முப்பது கிலோ வரை சக்கை. சர்க்கரை ஆலைக்காரர் அதைத் தன் பாய்லரிலேயே எரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "சக்கையைச் சும்மா கொடு" என்றால் கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். டி.என்.பி.எல். என்ன செய்தது தெரியுமா? "உன் அடுப்புக்கு வேண்டிய நிலக்கரி என் பொறுப்பு. சக்கை எனக்கு" என்றது. புளிக்கு உப்பு, உப்புக்கு மிளகாய் என்று நம் பாட்டிகள் வாசலில் செய்த அதே பண்டமாற்று!

சக்கை வந்து சேர்ந்தது. கூடவே பிரச்னையும் வந்தது. கரும்பு வருஷம் முழுக்க அரைக்க மாட்டார்கள். பேப்பர் மில் வருஷம் முழுக்க ஓடணும். அதனால் சக்கையை மலை மலையாகச் சேர்த்து, கெடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைக்கிறார்கள். அதைக் கழுவிய தண்ணீரில் சர்க்கரை மிச்சம் இருக்கும். திறந்த குட்டையில் விட்டால் புளித்து மீத்தேன் வாயு கிளம்பும். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவுக்கே அண்ணன். 2003-ல் அந்தத் தண்ணீரை மூடிய தொட்டிக்குள் விட்டு, வாயுவைப் பிடித்து, சுண்ணாம்புச் சூளையில் எரிக்க ஆரம்பித்தார்கள். ஃபர்னஸ் ஆயில் செலவு குறைந்தது. நம் வீட்டுச் சாண எரிவாயு அடுப்புதான், கொஞ்சம் பெரிய குடும்பத்துக்கு!

அடுத்து, கூழ் தயாரிக்கிற ரசாயனங்களை மீட்டெடுக்கும்போது மிஞ்சுகிற சுண்ணாம்புச் சகதி. பாய்லரில் மிஞ்சுகிற சாம்பல். இரண்டையும் கொட்ட இடம் தேடி அலைவதற்குப் பதிலாக, 2010-களில் ஒரு சிமென்ட் ஆலையையே கட்டிவிட்டார்கள். குப்பை மூட்டையில் அடைத்து விற்பனைக்கு வந்துவிட்டது. கூழை வெளுக்கக் குளோரின் வாயு போட்டுக்கொண்டிருந்ததையும் நிறுத்தி, நச்சு குறைந்த முறைக்கு மாறினார்கள். சுத்திகரித்த தண்ணீரைச் சுற்றுவட்டார விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

படிக்கப் படிக்க மாப்பிள்ளை வீட்டார் பெருமை பேசுவதுபோல இருக்கிறதா? நான் பெண் வீட்டுக்காரன் மாதிரி நாலு கேள்வியும் கேட்டுவிடுகிறேன்.

ஒன்று, சக்கைக்குப் பதில் கொடுத்தது நிலக்கரி. மரம் தப்பித்தது, ஆனால் புகை வேறு புகைபோக்கிக்கு மாறியது. இரண்டு, மரம் முழுசாகவும் தப்பிக்கவில்லை. சவுக்கும் தைலமரமும் இன்றைக்கும் கூழாகின்றன. அதற்காகவே விவசாயிகளை வைத்து வளர்க்கிறார்கள். மூன்று, பேப்பர் மில்லுக்குக் காவிரித் தண்ணீர்தான் வேண்டும். நாலாவது, சுத்திகரித்த தண்ணீரிலும் கரைந்த உப்பு இருக்கும். சாதாரணச் சுத்திகரிப்பில் அது போகாது. வருஷக் கணக்கில் ஒரே வயலில் பாய்ச்சினால் மண் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த நாலாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. சக்கையை விற்கலாம், வாயுவை எரிக்கலாம், சகதியைச் சிமென்ட் ஆக்கலாம். உப்பை என்ன செய்வது?

* * *

புகளூருக்குக் கொஞ்சம் மேலே, நொய்யல் என்ற ஊரில், நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூரைப் பார்த்துவிட்டு, திருப்பூர் வழியாக வருகிற ஆறு. நீங்களும் நானும் போட்டிருக்கிற பனியன், டி-ஷர்ட்டுக்குச் சாயம் ஏற்றிய ஊர். பருத்தியில் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும்; உப்பு தண்ணீரோடு கிளம்பிவிடும். விலைக்கு வாங்க ஆள் இல்லாத கழிவு. எங்கே போகும்? கொல்லைப்புறம்தான்.

விவசாயத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டினார்கள். நெல்லுக்குப் பாய வேண்டிய தண்ணீருக்குப் பதிலாகச் சாயத் தண்ணீர் தேங்கியது. அணையைத் திற என்று கேட்க வேண்டிய விவசாயி, ஐயோ திறக்காதே என்று கும்பிடுகிற நிலைமை! நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக்கூடாது என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்போதும் தண்ணீர் நிற்காததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

திருப்பூர் ஆடிப்போனது. வேலை போனவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கப்புறம்தான் சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்றவைத்து, தண்ணீரையும் உப்பையும் திரும்ப உபயோகிக்கிற ஏற்பாடு அங்கே நிஜமாகவே வேரூன்றியது. கரண்ட் பில்லைப் பார்த்தால் முதலாளிக்கு மயக்கம் வரும். திரும்ப உபயோகிக்க முடியாத உப்புக் கசடு மூட்டை மூட்டையாகக் கிடக்கவும் செய்கிறது. ஆனாலும் அந்தச் செலவு முதல் முறையாகச் செலவு செய்ய வேண்டியவரின் லெட்ஜரில் ஏறியது. அதற்கு முன்னால் அது ஒரத்துப்பாளையத்து விவசாயியின் கிணற்றில் அல்லவா எழுதப்பட்டிருந்தது!

ஆகவே என் அருமை அக்கவுண்ட்ஸ் நண்பனே, கணக்கு இதுதான். வரவு வருகிற கழிவை எந்தக் கம்பெனியும் தானாகவே எடுத்துக்கொள்ளும். அதற்குக் கைதட்டலாம், தப்பில்லை. உமிக்கும் சக்கைக்கும் நானும் தட்டுகிறேன். ஆனால் வரவே வராத கழிவு ஒன்று ஒவ்வொரு ஆலையிலும் இருக்கும். அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் கம்பெனியின் குணம் தெரியும். உன் ஃபாரத்தில் மூன்றே மூன்று கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுது. விற்க முடியாத கழிவு எது? அது எந்த வழியாக, யார் வீட்டுக்குப் போகிறது? அந்த ஆளிடம் யாராவது போய்ப் பார்த்தார்களா? வேப்பங்கன்றுக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கிக்கொள்ளலாம். ஆடு விட்டு வைத்தால்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாப்ளே, இதெல்லாம் எழுதினா மேனேஜர் கேப்பாரே. அந்தக் கீழ இருக்குற ஆளுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம், எந்த ஹெட்ல வர்றாருன்னு..."

நல்ல கேள்விதான். வழக்கமாக ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறப்பார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து, கடைசி மடைக்கு வந்து சேருவதற்குள் நாள் பல ஆகிவிடும். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே ஒருத்தர் காத்திருப்பார். மேலே எத்தனை பேர் அந்த ஆற்றைக் கடனாக எடுத்திருக்கிறார்களோ, அத்தனை பேரும் திருப்பித் தர வேண்டியது அவருக்குத்தான். வட்டி கேட்டதில்லை, பாண்டு எழுதியதில்லை.

"சண்ட்ரி கிரெடிட்டார்ஸ்னு ஒரு ஹெட் இருக்குல்ல? அதுல முதல் பேரா போடு" என்றேன்.

"பேர் என்னன்னு போட?"

"கடைமடை."