ஒரு காதும் இரண்டு கார்பரேட்டர்களும்

பக்கத்து வீட்டுப் பெரியவரின் காரை அதன் சத்தத்தின் மூலமாகத்தான் முதலில் அறிந்தேன். ஆக்ஸ்ஃபோர்டுஷயருக்குக் குடிவந்த முதல் ஞாயிறு, வேலிக்கு அப்பாலிருந்து ஒரு உறுமல். எங்கேயோ கேட்டது போலிருந்தது. 1967ஆம் வருடத்து எம்ஜிபி அது. இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை, இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஆபிங்டனில் தயாரானது. அதன் 1798 சிசி எஞ்சினும், எங்கள் ஊர் வாடகை அம்பாசடரில் நான் கேட்டு வளர்ந்த 1489 சிசி எஞ்சினும் பிஎம்சியின் ஒரே பி-சீரீஸ் குடும்பம். சத்தம் தெரிந்ததாக இருந்ததில் வியப்பில்லை.

எண்பதைக் கடந்த பெரியவர் அதை 1974இல் பழைய வண்டியாக வாங்கியவர். மூன்று வருடமாக அது அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும், சமயத்தில் அணைந்தே போகும். பிளக், காயில் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார். இரண்டு எஸ்யு கார்பரேட்டர்களையும் கழற்றி எறிந்துவிட்டு வெபர் ஒன்றை மாட்டச் சொன்னார்களாம் ஒரு பட்டறையில். மதம் மாறச் சொல்லிவிட்டதைப் போல அதை என்னிடம் சொன்னார்.

எஸ்யு என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். 1910இல் நிறுவனமான இதைத் தொடங்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வணிகக் குடும்பத்தினர். ஆரம்ப மாதிரிகளில் ஊசியைத் தூக்கியது தோலால் ஆன துருத்தி என்பதை அறிந்தபோது எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. பிறகு துருத்தியின் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் கேட்கும் காற்றுக்கேற்ப பிஸ்டன் உயர்கிறது; அதன் அடியில் தொங்கும் கூர்ந்த ஊசி ஜெட்டிலிருந்து விலகி, அந்த அளவுக்குப் பெட்ரோலுக்கு வழி விடுகிறது. இவ்வளவுதான். ஆனால் வேறெங்கிருந்தாவது கணக்கில் வராத காற்று நுழைந்துவிட்டால் இந்த எளிய ஏற்பாடு முழுவதும் குழம்பிவிடும்.

அந்த ஞாயிறு எஞ்சினை ஓடவிட்டு, த்ராட்டில் அச்சு கார்பரேட்டர் உடலுக்குள் நுழையும் இடத்தில் கிளீனரைக் கொஞ்சம் பீய்ச்சினார். எஞ்சினின் சுருதி சட்டென்று மாறியது. அவரோ எஞ்சினைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்று அப்போது புரியவில்லை.

அச்சுகளைப் போன வருடம்தான் மாற்றியிருந்தார். தேய்ந்திருந்தது துளை. பல்லாண்டுகள் ஒரே பக்கமாக இழுபட்டு, வட்டமாக இருந்தது முட்டை வடிவாகிவிட்டது. புது அச்சு அதற்குள்ளும் ஆடத்தான் செய்யும். துளையைச் சீராகப் பெரிதாக்கி, உள்ளே புஷ் இறக்கினார். இரு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் அச்சு இறுகிவிடும். அந்த ஒரு வேலைக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அச்சில் த்ராட்டில் தகட்டைப் பிடிக்கும் பித்தளைத் திருகுகளின் பிளந்த முனைகளைக் கடைசியில் விரித்துவிட வேண்டும். மறந்தால் திருகு கழன்று எஞ்சினுக்குள் போகும். பிஸ்டனையும் அதன் மூடியையும் ஜோடி மாற்றக்கூடாது என்பதற்காக ஒரு ஜோடியைப் பிஸ்கட் டப்பாவிலும் மற்றதைத் தேநீர் டப்பாவிலும் வைத்திருந்தார். ஜெட்டை மையத்தில் அமர்த்தியபின் பிஸ்டனைத் தூக்கி விட்டால் அது 'டக்' என்று விழ வேண்டும். விழுந்ததா என்று என்னைக் கேட்டார். விழுந்தது என்றேன்.

அப்புறம்தான் ரப்பர் குழாயை எடுத்தார். ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்பரேட்டரின் வாயருகிலும் வைத்து, இரண்டிலும் காற்றின் சீற்றம் ஒன்றாகும்வரை திருகுகளைத் திருப்புவார்கள். குழாயைத் தன் காதுக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் நீட்டினார். தகடுகளை அழுத்தும் ஆலையில் நாற்பது வருடம். மெல்லிய சீற்றமெல்லாம் எப்போதோ போய்விட்டதாம். மகளுக்குத் தெரியாது, தெரிந்தால் வண்டியை விற்கச் சொல்வாள் என்றார். இந்த மூன்று வருடமும் கேட்காத காதில் குழாயை வைத்து, சரியாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லி மூடியிருக்கிறார்.

இடது பக்கம் அதிகம் என்றேன். கால் சுற்று திருப்பினார். இன்னும் கொஞ்சம் என்றேன். கலவையைச் சோதிக்கப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கியபோது மட்டும் என்னைக் கேட்கவில்லை. வால்வு மூடிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். வேகம் சற்றே ஏறி அமைந்தது. "இது எனக்குத் தெரியும்" என்றார்.

ரப்பர் குழாயை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சமையலறைக் கதவின் பின்னால், குடைக்குப் பக்கத்தில் தொங்குகிறது.